சத்தம் வீட்டோடு தங்கிவிட்டது

டெல்லியில் ஏப்ரல் பாதி கடந்ததும், கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பிள்ளைகளிடமிருந்து ஒரே மாதிரியான புகார் கிளம்பும். கேம் ஆடும்போது ஒன்றும் தெரிவதில்லை. சும்மா யூடியூப் பார்க்கும்போதோ, காலேஜ் அசைன்மென்ட் அடிக்கும்போதோதான் பெட்டிக்குள்ளிருந்து ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். அரை நிமிஷம் இருக்கும், அடங்கும். இரண்டு மூன்று நிமிஷம் கழித்து மறுபடியும் அதே சத்தம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த நேரு பிளேஸ் போனால், கடையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டாலும் மூச்சு விடாது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் அன்று சாயங்காலமே தொடங்கிவிடும்.

மயூர் விஹாரில் எங்களுக்குக் கீழ் வீட்டில் இருக்கும் பையன் போன வருஷம் இப்படித்தான் வந்து நின்றான். “கடைக்காரர் நான் கதை விடறேன்னு நினைக்கறார் அங்கிள். அப்பாவும் அப்படியே நினைக்கறார்” என்றான். அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

இருபத்தைந்து, முப்பது வருஷத்துக்கு முன்னால் யாருக்கும் இந்த நிலைமை வந்ததில்லை. அன்றைக்குக் கம்ப்யூட்டரில் சத்தம் வந்தால், அது கம்ப்யூட்டரோடு சேர்ந்து கடைக்கும் வரும். மேசையில் வைத்து ஸ்விட்சைப் போட்டதும் மெக்கானிக்கின் காதில் விழும். இன்றைக்குப் பெட்டி மட்டும் கடைக்குப் போகிறது, சத்தம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. இந்தத் தலைமுறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலையை இதைப் போல் வேறெதுவும் மாற்றவில்லை என்று நினைக்கிறேன்.

நேரு பிளேஸ் எழுபதுகளில் டெல்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) கட்டிய அலுவலக வளாகம். எண்பதுகளின் கடைசியில் கம்ப்யூட்டர்காரர்கள் ஒவ்வொருவராகக் குடியேற, தொண்ணூறுகளில் மேக்தூத், தேவிகா டவர், ஹேம்குந்த் சேம்பர்ஸ் என்று கட்டடத்துக்குக் கட்டடம் கடைகள் நிறைந்துவிட்டன. மாடிப்படிக்குக் கீழே இருந்த இடுக்கில்கூட ஒரு மேசை, ஒரு டேபிள் ஃபேன், ஒரு சால்டரிங் அயர்ன் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். மெட்ரோ அங்கே வந்தது 2010 அக்டோபரில்தான். அதற்கு முன்னால் ஆர்.கே. புரத்திலிருந்தோ கரோல் பாக்கிலிருந்தோ கிளம்பினால் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ரிங் ரோட்டுப் பள்ளங்களில் ஹார்ட் டிஸ்க் அடிபடாமல் இருக்க வேண்டுமே என்று கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

அந்த மெக்கானிக்குகள் காதால் வேலை பார்த்தார்கள். பெட்டிக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். மதர்போர்டு விழித்துக்கொண்டதும் தன் உறுப்புகளைச் சோதித்து, கோளாறு இருந்தால் அந்த ஸ்பீக்கர் வழியாகச் சொல்லும். அவார்டு பயாஸ் இருக்கும் போர்டில் நீளமாக ஒரு பீப், குட்டையாக இரண்டு பீப் என்றால் டிஸ்ப்ளே கார்டு. நீளமான பீப் நிற்காமல் திரும்பத் திரும்ப வந்தால் ரேம். திரையில் எதுவுமே தெரியாத நேரத்தில் இதைத் தவிர வேறு துப்பு கிடையாது. டெல்லி மழைக்காலப் புழுக்கத்தில் ரேமின் தொடுமுனைகளில் படலம் பிடித்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் கடைக்கு வரும் பெட்டிகள் பலவற்றில் இதுதான் சங்கதி. மெக்கானிக் ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்தப் பொன்னிற முனைகளை நாலு இழுப்பு இழுத்துத் திரும்பச் சொருகுவார். ஒற்றைக் குட்டை பீப் வரும். ‘எல்லாம் சரி’ என்று பெட்டியே சொன்னதாக அர்த்தம். இன்று பல மதர்போர்டுகளில் அந்த ஸ்பீக்கரே வருவதில்லை. ஓரத்தில் சின்னச் சின்ன விளக்குகள் இருக்கின்றன, எது எரிகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஹார்ட் டிஸ்க்கின் சத்தம் வேறு ரகம். ‘டக்... டக்... டக்’ என்று கணக்காக வந்தால் மெக்கானிக் உடனே ஸ்விட்சை அணைத்துவிடுவார். உள்ளே சுழலும் தட்டின் மேல் எழுதிப் படிக்கும் தலை தன் இருப்பிடத்தைக் காட்டும் தடத்தைத் தேடுகிறது, கிடைக்காமல் திரும்பி ஓரத்தில் முட்டுகிறது, மறுபடி தேடுகிறது. ஒவ்வொரு ‘டக்’கும் ஒரு தோல்வி. அணைக்காமல் விட்டால் தட்டில் கீறல் விழுந்து, எடுக்க முடிந்த டேட்டாவும் போய்விடும். 2000-த்தில் வந்த ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி டிஸ்க்குகள் இப்படிச் செத்ததில் உலகம் முழுக்க அவற்றுக்கு ‘டெத்ஸ்டார்’ என்று பெயரே விழுந்தது. அமெரிக்காவில் வழக்கும் நடந்தது. கல்யாணப் போட்டோ, கம்பெனிக் கணக்கு, பிஎச்டி ஆராய்ச்சி என்று எத்தனையோ விஷயங்கள் அந்த ‘டக்’கோடு போயிருக்கின்றன. அதைக் கேட்டவுடன் அணைக்கத் தெரிந்த கைகளால் பிழைத்தவையும் நிறைய.

ஃபேன் பிரச்சினைக்கு மருந்து தையல் மிஷின் எண்ணெய். அன்றைய 80 மில்லிமீட்டர் ஃபேன்களில் பெரும்பாலும் ஸ்லீவ் பேரிங்தான். எண்ணெய் வற்றினால் அச்சு ஆட ஆரம்பித்துவிடும். டெல்லி ஜனவரியில், வெளியே ஐந்து டிகிரி குளிரும் காலையில் ஆன் செய்தால் முதல் பத்து நிமிஷம் ஃபேன் முனகும், சூடேறியதும் அடங்கும். மிச்சமிருக்கும் எண்ணெய் குளிரில் கெட்டிப்படுவதுதான் காரணம். அந்த வயதில் எங்களுக்கு இது தெரியாது, கம்ப்யூட்டருக்கும் ஜலதோஷம் பிடிக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிடுவோம். நடுவிலுள்ள ஸ்டிக்கரை நகத்தால் உரித்து, ஒரே ஒரு சொட்டு விட்டு, ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினால் இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும்.

சத்தம் என்றாலே கோளாறு என்றும் சொல்ல முடியாது. அன்றைய கம்ப்யூட்டர் ஆரோக்கியமாக இருக்கும்போதும் இரைச்சல்தான் போட்டது. ஃப்ளாப்பி டிரைவ் கறுமுறு என்னும். 52 எக்ஸ் சிடி டிரைவ் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றை நெருங்கும். நேரு பிளேஸ் நடைபாதையில் வாங்கிய, காகித லேபிள் கோணலாக ஒட்டிய கேம் சிடியைப் போட்டால் மேசையே அதிரும். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட பிறகு மோடத்தின் கூச்சலும் சேர்ந்துகொண்டது. 2003-இல் வந்த என்விடியாவின் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா கிராஃபிக்ஸ் கார்டு போட்ட இரைச்சல் அந்தக் காலத்து கேம் ரசிகர்கள் நடுவே பெயர் பெற்றது. இவ்வளவுக்கும் நடுவில் சின்னச் சத்தம் ஒன்று தனியாகக் காதில் விழ வாய்ப்பே இல்லை. விழுந்தது என்றால் அது பெரிய கோளாறாகத்தான் இருக்கும்.

வீட்டுச் சத்தமும் அன்று உண்டு. டெல்லி வித்யுத் போர்டு காலத்து மின்சாரம் எப்படி இருந்தது என்று அதில் வாழ்ந்தவர்களைக் கேட்டால் தெரியும். சுவரோரத்தில் ஸ்டெபிலைசர் நாளெல்லாம் ‘டிக் டிக்’ என்று ரிலே மாற்றிக்கொண்டே இருக்கும். கரன்ட் போனால் யுபிஎஸ் கத்தும். சதுர அலை இன்வெர்ட்டருக்கு மாறியதும் சீலிங் ஃபேன் ‘ஊம்ம்’ என்று உறுமும், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் கூடவே உறுமும். இவற்றையெல்லாம் யாரும் கம்ப்யூட்டர் கோளாறாக நினைக்கவில்லை, கரன்ட் தலையில் போட்டுவிட்டார்கள். 2002 ஜூலையில் மின்விநியோகம் தனியாரிடம் போன பிறகு வோல்டேஜ் ஆட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. அதோடு வீட்டில் கம்ப்யூட்டரைச் சுற்றியிருந்த அந்தக் கூட்டு இரைச்சலும் குறைந்தது.

அன்றைய மர்மம் என்று சொன்னால் செல்போன் மர்மம் ஒன்றுதான். சைபர் கஃபேயில் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடிக்கொண்டிருப்போம். திடீரென்று ஸ்பீக்கரில் ‘டிடி-டிட், டிடி-டிட்’ என்று வரும். ஸ்பீக்கர் போச்சு என்று கடைக்காரர் வயரைப் பிடுங்கிப் பார்ப்பார். அடுத்த நொடி யார் பையிலாவது போன் மணி அடிக்கும். ஜிஎஸ்எம் போன் நொடிக்கு 217 தடவை விட்டு விட்டு அலையை அனுப்புகிறது. ஸ்பீக்கரின் வயர் அதை ஆன்டெனாவாக இழுத்து ஒலியாக்கிவிடுகிறது. காரணம் பெட்டிக்கு வெளியே, ஒரு ஆளின் சட்டைப்பையில் இருந்தது. பின்னால் வரப்போகும் காலத்துக்கு இதுதான் முன்னோட்டம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரேயடியாக அன்றிலிருந்து இன்றைக்கு வந்துவிடவில்லை. நடுவில் ஒரு காலம் இருந்தது. 2008, 2009 வாக்கில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘கிரீன்’ டிஸ்க்குகள் பரவலாக வந்தன. மின்சாரம் மிச்சப்படுத்த, எட்டு நொடி வேலை இல்லாவிட்டால் தலையைத் தட்டிலிருந்து விலக்கி ஓரமாக நிறுத்திவிடும்படி அவற்றை அமைத்திருந்தார்கள். விண்டோஸோ ஏதோ ஒன்றைப் படிக்கவோ எழுதவோ அடிக்கடி கேட்கும். தலை இறங்கும், எட்டு நொடியில் திரும்பப் போய்விடும். ராத்திரி அமைதியில் ‘டிக்... டிக்’ என்று கேட்கும். பழைய காதுக்கு அது சாவுமணி. டிஸ்க்கைச் சோதித்தால் ஒரு குறையும் இருக்காது. இப்படி ஏறி இறங்குவதை மூன்று லட்சம் தடவை தாங்கும் என்று கம்பெனி கணக்குச் சொன்னது. நிமிஷத்துக்கு இரண்டு தடவை என்று வைத்தால் 2,500 மணி நேரம். பகலும் இரவும் ஓடும் கம்ப்யூட்டரில் நாலு மாதத்துக்குள் கணக்கு தீர்ந்துவிடும். ஆக, சத்தம் கோளாறில்லை; ஆனால் அந்தப் பழக்கத்தைச் சாஃப்ட்வேரால் மாற்றாவிட்டால் கோளாறாக முடியலாம். திருப்புளி எடுத்துப் பழகிய மெக்கானிக்குகளுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போன முதல் சத்தம் அது என்பேன். இன்றும் பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் சிலவற்றில் ஐந்து நொடிக்கு ஒருமுறை மெல்லிய ‘டொக்’ வருகிறது. தட்டின் மேலுள்ள மசகு ஒரே இடத்தில் தேயாமலிருக்கத் தலையை நகர்த்தும் ஏற்பாடு அது. வாங்கிய அன்றே டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது பெட்டிக்குள் சுழலும் டிஸ்க்கே அநேகமாக இல்லை, எஸ்எஸ்டிதான். சிடி டிரைவ் போய்விட்டது. ஃபேன்கள் 120, 140 மில்லிமீட்டர் என்று பெருத்து, அதே காற்றை மெதுவாகச் சுற்றித் தருகின்றன. நாலு முனை பிடபிள்யூஎம் ஃபேன் வந்த பிறகு வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். வெளிச் சத்தமும் உள்ளே வருவதில்லை. கோடையில் ஏசிக்காகவும் நவம்பரில் புகைக்காகவும் டெல்லிக்காரர்கள் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறோம். இப்படி எல்லாம் அடங்கிய அறையில்தான், முன்பெல்லாம் இரைச்சலில் மூழ்கிக் கிடந்த சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் காதுக்கு வருகின்றன.

கீழ் வீட்டுப் பையனின் ‘கிர்ர்’ருக்கு வருகிறேன். ஒரு சாயங்காலம் அவன் அறையில் போய் உட்கார்ந்தேன். மேற்குப் பார்த்த அறை, மத்தியானத்திலிருந்து வெயில் வாங்கியிருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஏசி போடலாம் என்பது வீட்டுச் சட்டம். சுவர்க் கடிகாரத்தோடு ஒட்டியிருந்த வெப்பமானி 37 காட்டியது. கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டைத் திரையில் ஓடவிட்டு இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். 57, 58, 59... 60-ஐத் தொட்டதும் ‘கிர்ர்’. கார்டின் ஃபேன் எழுந்து சுற்றியது. 50 வரை இறங்கியதும் நின்றது. சூடு மறுபடி மெல்ல ஏறத் தொடங்கியது. அவ்வளவுதான் மர்மம்.

இன்றைய கார்டுகள் வேலை இல்லாதபோது ஃபேனை முழுக்க நிறுத்திவிடுகின்றன. சத்தமே இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த வசதி அது. அறை 22, 25 டிகிரியில் இருந்தால் சும்மா இருக்கும் கார்டு 45-ஐச் சுற்றியே நின்றுவிடும், ஃபேன் எழவே எழாது. டெல்லியின் மே மாத அறையில் அதே கார்டு சும்மா இருந்தாலே எல்லைக்கோட்டுக்கு வந்துவிடுகிறது. பையன் புதிதாக இரண்டாவது மானிட்டர் ஒன்றும் மாட்டியிருந்தான். வேகமாகப் புதுப்பிக்கும் திரைகள் இரண்டு இருந்தால் கார்டின் மெமரி ஓய்வெடுக்காது, அதனால் இன்னும் சில டிகிரி கூடும். நின்றுபோன ஃபேனை எழுப்புவதற்கு, ஓடும் ஃபேனை ஓட்டுவதைவிடக் கூடுதல் உந்தல் வேண்டும். அந்த உந்தலின் சத்தம்தான் ‘கிர்ர்’. கேம் ஆடும்போது ஃபேன் நிற்பதே இல்லை, அதனால் அந்தச் சத்தமும் இல்லை. நேரு பிளேஸ் கடையில் ஏசி, ஒற்றை மானிட்டர், குளிர்ந்த தரை. அங்கே அது எப்படி வரும்? பையனும் பொய் சொல்லவில்லை, கடைக்காரரும் ஏமாற்றவில்லை. கார்டை வேறொரு தட்பவெப்பத்துக்காக வடிவமைத்திருந்தார்கள், அவ்வளவே. ஃபேனை நிறுத்தாமல் எப்போதும் 30 சதவீதத்தில் மெல்ல ஓடவிட்டோம். காதை வைத்துக் கேட்டால்தான் தெரியும் அளவுக்கு ஓர் இரைச்சல். மாற்றியது ஒரு கோடு, திரையில் ஃபேன் வேகத்தைக் காட்டும் வரைபடத்தில். நாற்பது டிகிரி நாட்டில் கார்டு விற்பவர்கள் இந்த எல்லையை நம் கோடைக்கும் பொருந்தும்படி வைத்து அனுப்பலாம். இதைக் கேட்பதில் தவறே இல்லை.

இதைவிடக் குழப்பமானது இரண்டு ஃபேன் சேர்ந்து போடும் சத்தம். பெட்டியின் முன்னால் ஒரே மாதிரி இரண்டு ஃபேன். ‘ஊம்... ஊம்... ஊம்’ என்று சத்தம் பெருத்துச் சிறுத்து, பெருத்துச் சிறுத்து வரும். ஏழு இறக்கை ஃபேன் நிமிஷத்துக்கு 1,200 சுற்று சுற்றினால் நொடிக்கு 140 தடவை காற்றை அறைகிறது. பக்கத்து ஃபேன் 1,194 சுற்றில் இருந்தால் 139.3 தடவை. இந்த 0.7 வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை நொடிக்கு ஒருமுறை இரு ஒலிகளையும் ஒன்றுகூட்டிப் பிரிக்கிறது. வீணைக்குச் சுருதி சேர்த்தவர்களுக்கு இந்த அலை உடனே புரியும்; இரண்டு தந்திகள் கிட்டத்தட்டச் சேர்ந்து, முழுக்கச் சேராத நேரத்தில் கேட்பது இதுதான். மெக்கானிக் முதல் ஃபேனைக் கழற்றுவார், சத்தம் நிற்கும். ஆஹா, இதுதான் என்று புது ஃபேன் போடுவார். சில நாளில் திரும்ப வரும். உண்மையில் எந்த ஃபேனிலும் குறையில்லை. ஒன்றை 1,200-இலும் மற்றதை 1,050-இலும் ஓடவிட்டால் தீர்ந்தது. நல்ல ஃபேன்கள் எத்தனையோ இந்தக் காரணத்தால் குப்பைக்குப் போகின்றன என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

காயில் வைன் என்று பிள்ளைகள் சொல்லும் கீச்சொலி இன்னொன்று. கார்டுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் இடத்தில் செம்புச் சுருள்கள் உண்டு. அவற்றின் வழியாக மின்னோட்டம் வேகமாக ஏறி இறங்கும்போது சுருளும் அதன் உள்ளகமும் அதிர்கின்றன. அந்த அதிர்வு நம் காது கேட்கும் எல்லைக்குள் விழுந்தால் கீச்சென்று வரும். 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 450 வாட் வரை இழுக்கிறது, அது ஒரு சின்ன மிக்ஸியின் பசி. இதில் விசித்திரம் என்னவென்றால், கடுமையான சண்டைக் காட்சியைவிட கேமின் மெனுத் திரையில் இது சத்தமாகக் கேட்கலாம். மெனுவில் வரைய ஒன்றுமில்லாததால் கார்டு நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஃப்ரேம்களைத் தள்ளுகிறது. ஃப்ரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் பெரும்பாலும் அடங்கும். பல கம்பெனிகள் இதைக் குறையாகவே ஒப்புக்கொள்வதில்லை, வாரன்ட்டியில் மாற்றிக் கிடைப்பது கஷ்டம். பொருளுக்குக் கெடுதல் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியவன் ராத்திரியெல்லாம் கீச்சொலி கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும் என்பது நியாயமில்லை.

கேட்கும் சத்தம் ஃபேனுடையதா, மின்சாரத்துடையதா என்று பிரிக்க ஒரு நல்ல வழி உண்டு. கம்ப்யூட்டர் ஷட் டவுன் ஆகும் தருணத்தில் காதைக் கொடுங்கள். ஃபேனோ டிஸ்க்கோ என்றால் சில நொடி இழுத்துக்கொண்டே அடங்கும், சுற்றும் பொருள் சட்டென்று நிற்காது. மின்சாரச் சத்தம் என்றால் வெட்டியது போல நிற்கும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

டெல்லி தன் பங்குக்குச் சேர்ப்பது தூசி. மே மாதத்து ஆந்தி என்னும் புழுதிப்புயல் ஒரு தடவை அடித்தால் போதும், பெட்டியின் தூசி வலையெல்லாம் மண் நிறம். தூசி தானாகச் சத்தம் போடாது. காற்றை அடைக்கும், சூடு ஏறும், ஃபேன் வேகம் எடுக்கும். தீபாவளி முடிந்து ஒருமுறை, ஜூன் கடைசியில் ஒருமுறை சுத்தம் செய்தாலே பாதிப் புகார் வராது. புளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் ஃபேனைத் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய், இல்லாத சத்தத்தை நாமே வரவழைத்துவிடுவோம்.

பழைய டிடிஏ ஃப்ளாட்டுகளில் எர்த்திங் இன்னொரு தலைவலி. பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதன் பின்னால் கம்பி இருக்காது. எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளேயுள்ள வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாகப் பெட்டியின் தகரத்துக்கு மெல்லிய கசிவு வரும். கைபட்டால் சுருக்கென்றிருக்கும். ஹெட்போனில் ‘ம்ம்ம்’ என்று ஓயாத முனகல் கேட்கும், மவுஸை நகர்த்தினால் ‘ஸ்ஸ்’ என்று கூடவே நகரும். பிள்ளைகள் ஹெட்போனை மாற்றுவார்கள், பிறகு சவுண்ட் கார்டு வாங்குவார்கள். கூப்பிட வேண்டியவர் எலக்ட்ரீஷியன். எர்த் இல்லாத பிளக் உயிருக்கும் ஆபத்து என்பதால், இந்த முனகலை யாரும் சத்தப் பிரச்சினையாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பழைய கோளாறுகள் முழுக்க ஒழிந்துவிடவும் இல்லை. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறியதும், அதைத் தோண்டிக்கொண்டிருந்த கார்டுகளுக்கு வேலை போயிற்று. அவற்றில் பல செகண்ட் ஹேண்டாகச் சந்தைக்கு வந்தன. மாதக்கணக்கில் நிற்காமல் ஓடிய ஃபேன்கள், தேய்ந்த பேரிங், கரகர சத்தம். இதெல்லாம் கடைக்கு வந்தாலும் கேட்கும் சத்தம், பழைய கைகளுக்குத் தெரிந்த சத்தம். நேரு பிளேஸில் இன்னமும் ஃபேனை மட்டும் மாற்றிக் கார்டைக் காப்பாற்றித் தருகிறார்கள்.

மற்றபடி, சத்தம் வீட்டில் இருக்க, மெக்கானிக் கடையில் இருக்கிறார். நடுவில் போன். வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்கிறார்கள். ஆனால் மனிதக் குரலைத் தெளிவாக்கவே செய்யப்பட்ட கருவி அது, ஃபேன் இரைச்சலைத் தேவையற்ற சத்தம் என்று அதுவாகவே களைந்துவிடுகிறது. வந்து சேர்வது பையனின் குரல் மட்டும்: “கேக்குதா பையா? இப்போ வருது பாருங்க!” விவரம் தெரிந்த இளம் மெக்கானிக்குகள் அதனால் வேறு கேள்வி கேட்கிறார்கள். எந்த நேரத்தில் வருகிறது, அறையில் ஏசி ஓடுகிறதா, அப்போது கரன்ட்டா இன்வெர்ட்டரா, கேமில் ஃப்ரேம் எத்தனை, அணைத்தால் சட்டென்று நிற்கிறதா இழுத்து நிற்கிறதா. இதில் நாலுக்குப் பதில் வந்தால் பெட்டியைப் பார்க்காமலே சொல்லிவிடுகிறார்கள். வராவிட்டால் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அன்றைய மெக்கானிக் ஒரு ஃபேன் மாற்றினார், ஒரு ரேம் விற்றார், அதில் அவர் கூலி அடங்கிவிட்டது. இன்று வீட்டுக்கு வருபவர் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார், திரையில் ஒரு கோட்டை நகர்த்துகிறார், எழுந்துகொள்கிறார். “எதையும் மாத்தலையே, எதுக்கு ஐந்நூறு ரூபாய்?” என்று படித்த குடும்பங்களே கேட்கின்றன. இந்தக் கேள்விக்குப் பயந்து தேவையில்லாத ஃபேனை மாற்றி பில் போடும் கடைகளும் வந்துவிட்டன. பொருளுக்குக் கொடுக்கத் தயங்காத நாம் காதுக்குக் கொடுக்கத் தயங்குவதால்தான், நன்றாகக் கேட்கத் தெரிந்த பையன்கள் பலர் இந்த வேலையை விட்டு மொபைல் ஸ்க்ரீன் மாற்றும் கவுன்டருக்குப் போகிறார்கள். அங்கே பொருள் உண்டு, பில் உண்டு, யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டுவிட்டு எதையும் மாற்றாமல் போகிறவருக்கு, மாற்றிவிட்டுப் போகிறவருக்குத் தருவதைவிடக் கூடவே தரலாம். அவர் நம்மிடம் ஒரு புது ஃபேனின் விலையை மிச்சம் வைத்துவிட்டுப் போகிறார்.